நர்சம்மா வந்தால் ஏன் கதவைச் சாத்தினோம்?

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பதினைந்து மாதமாக வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறான். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டான்:

"சித்தப்பா, உங்க பக்கத்துல குப்பத்து ஆளுங்க ஊசி போட்டுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கறாங்களாமே? நர்ஸைப் பாத்தா ஓடறாங்களாம். வாட்சப்ல வீடியோ வந்துச்சு. படிக்காத ஜனம், எப்பதான் திருந்துமோ?"

மோட்டார் போட நேரமாச்சு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கரண்ட் வந்து, தண்ணீர் பாய்ந்து, மடை மாற்றி, எல்லாம் முடிந்தும் மனசு ஆறவில்லை. அவன் ஒருத்தன் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. டவுனில் இருக்கிற உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் பதிலை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

ஆமாம், கதவைச் சாத்தினார்கள். கோட்டைக்குப்பத்தில் சாத்தினார்கள், பக்கத்துக் குப்பங்களில் சாத்தினார்கள். விவசாயத் தெருவில் நானும் சாத்தினேன். நான் தினமும் பேப்பர் படிக்கிறவன். கொரோனா என்றால் என்ன, எப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சாத்தினேன். படிப்பு இல்லாததால் சாத்தவில்லை. ஊசி போடுகிற கையில் போலீஸ் நோட்டையும் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சாத்தினோம்.

கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பழவேற்காடு உங்களில் பல பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ஊர். பூநாரை பார்க்க வருவீர்கள், டச்சுக்காரன் கல்லறையில் போட்டோ எடுப்பீர்கள், நண்டு வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவீர்கள். ஒடிசாவில் இருக்கிற சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி இது. இதை நம்பிக் குப்பம் குப்பமாக ஜனம் இருக்கிறது. அதில் பெரிய குப்பங்களில் ஒன்று கோட்டைக்குப்பம். நாங்கள் ஏரிக்கு மேற்கே நெல்லும் கத்தரி, வெண்டையும் போடுகிறவர்கள். மீனும் இறாலும் அங்கிருந்து இங்கே வரும், காய்கறியும் வைக்கோலும் இங்கிருந்து அங்கே போகும். தொழில் வேறு என்றாலும் ஆஸ்பத்திரி ஒன்று, ரேஷன் அதிகாரி ஒன்று, நர்சம்மாவும் ஒன்று.

நர்சம்மா என்று நாங்கள் கூப்பிடுகிறவருக்கு அரசாங்கப் பெயர் கிராம சுகாதார செவிலியர். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கும் மேல் துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. எங்கள் நர்சம்மா எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே அவருக்கு ஒரு மெமோ வரும். அவருக்கு ஏற்கெனவே இருக்கிற தலைவலி போதும்.

கொரோனாவுக்கு முன்னாடி அவர் வேலை என்ன தெரியுமா? ஒரு பொம்பளைக்கு நாள் தள்ளிப்போனால் புருஷனுக்குத் தெரியும் முன்னே நர்சம்மாவுக்குத் தெரியும். பிக்மி நம்பர் வாங்கித் தருவது, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து உதவி 18,000 வந்ததா என்று பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரையை எதிரிலேயே விழுங்க வைப்பது, புதன்கிழமை ஆனால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. குப்பத்து ஆம்பளைகள் ஊர் விஷயத்தை வெளியாளிடம் பேச மாட்டார்கள். ஆனால் குடிக்கிற மகனுக்கு என்ன மருந்து, வெள்ளைப்படுதலுக்கு எங்கே போவது என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் இவரிடம் பேசினார்கள். ஏன் பேசினார்கள்? கேட்டதை வெளியே சொல்ல மாட்டார் என்பதால். அந்த ஒரு காரணம்தான். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நள்ளிரவில் இருந்து ஊரடங்கு. வீட்டுக்குள் இருங்கள் என்றார். வீடு என்றால் உங்களுக்குப் படுக்கையறை, ஹால், பிரிட்ஜ். குப்பத்தில் வீடு என்பது ராத்திரி தூங்குகிற இடம். வலை பின்னுவது வெளியே, சமைப்பது வெளியே, சண்டையும் சமாதானமும் வெளியே. பஸ் நின்றதும் கூடை தூக்கி மீன் விற்கிற பெண்களுக்கு அன்றையோடு வருமானம் நின்றது. கடலுக்குப் போகலாம் என்று மத்திய அரசு ஏப்ரல் 10-ஆம் தேதி அனுமதி கொடுத்தது. வாங்குகிற வியாபாரி வரவில்லை, ஐஸ் இல்லை, வண்டி இல்லை. வலையோடு போய் என்ன செய்வது? இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அவர்களிடம் போய் மாஸ்க் போடு என்று சொல்லும் வேலையும் நர்சம்மாவுடையதுதான்.

அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு வந்தது வேறு வேலை. வெளியூரில் இருந்து யார் வந்தார்கள், பேர் எழுது. யாருக்கு இருமல், பேர் எழுது. யார் வீட்டில் யார் வந்து போனார்கள், பேர் எழுது. எழுதி ராத்திரிக்குள் அனுப்பு. மறுநாள் காலையில் அந்த வீட்டு முன்னாடி வண்டி நிற்கும். பின்னாலேயே போலீஸ் நிற்கும். கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தெரு முனையில் கட்டை கட்டுவார்கள். சென்னையிலேயே வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

டெல்லி மாநாட்டுக்குப் போனவர்கள் என்று தினமும் சாயங்காலம் டிவியில் கணக்குச் சொன்ன நாட்களும் உண்டு. பிறகு அந்தப் பேரைச் சொல்வதை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்குள் சேதம் ஆகிவிட்டது. பழவேற்காட்டில் முஸ்லிம்களும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த தெருவில் இருப்பவர்கள். குடியுரிமைக் கணக்கெடுப்பு பற்றிய பயம் அந்த வருஷம் மார்ச் மாதம் வரை கொதித்துக்கொண்டிருந்த விஷயம். மார்ச் முடிகையில் ஒரு அரசாங்க ஊழியர் நோட்டோடு வந்து "வீட்ல எத்தனை பேரு, பேர் சொல்லுங்க" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? நர்சம்மா என்னிடம் சொன்னது:

"அண்ணே, நான் பிரசவம் பாத்து அனுப்பின பொண்ணு, ஜன்னல் வழியா 'யாரும் இல்லக்கா'ன்னுது. உள்ள அவ குழந்தை அழுவுது. எனக்குக் கேக்குது. அவளுக்கும் தெரியும் எனக்குக் கேக்குதுன்னு."

இப்போது என் கதை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2020 ஏப்ரல் கடைசியில் வெண்டை நல்ல காய்ப்பு. பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். பாஸ் வாங்கி, குட்டியானையில் ஏற்றி, கோயம்பேட்டுக்கு மூன்று நடை போய்வந்தேன். மே 5-ஆம் தேதி கோயம்பேட்டை மூடினார்கள். அங்கே போனவர்கள் எல்லாரும் தாங்களாக முன்வந்து டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அறிவிப்பு. மறுநாள் நர்சம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். வாசலில் நின்று, "அண்ணே, மார்க்கெட் போனீங்களா?" என்றார்.

"இல்லம்மா. பொன்னேரியிலயே தள்ளிட்டேன்."

என் பின்னாடி குட்டியானை நிற்கிறது. அதில் வெறும் சாக்குகள், மண்டி எழுத்தோடு. அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் ஏன் பொய் சொன்னேன்? இரண்டு நாள் முன்னாடி அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பால்காரன் பால் ஊற்றவில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அவர் மாட்டைக்கூட மேய்ச்சலுக்கு அவிழ்க்க விடவில்லை. பதினாலு நாள் வீட்டுக்குள் இரு என்று சொன்னவர்கள், பதினாலு நாளைக்கு அரிசி யார் தருவார், மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவார் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகு நான் எப்படி உண்மையைச் சொல்வேன்?

நாலாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. ஒரு நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் கசாயம். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா பேச்சு குழற ஆரம்பித்ததும் கை நடுங்க நர்சம்மாவுக்குப் போன் அடித்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டியில் தனியாக வந்தார். விரலில் கருவி மாட்டிப் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், ஆம்புலன்சுக்குச் சொன்னார். அம்மாவுக்கு வந்தது கொரோனா இல்லை. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை எகிறியிருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் நான் மறைத்ததில் போயிருக்க வேண்டிய உயிர் அது.

ஆம்புலன்ஸ் வரும்வரை திண்ணையில் தள்ளி உட்கார்ந்திருந்தார். "முதல் நாளே சொல்லியிருந்தா, நான் யாருக்கும் சொல்லாம வந்து பாத்திருப்பேனேண்ணே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இல்ல. சொல்லித்தான் ஆவணும். இப்ப அதான் என் வேலை" என்றார்.

அவர் களைப்பு எதில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வெயிலில் நடப்பதில் இல்லை. ராத்திரி பதினோரு மணிவரை ஐந்து வாட்சப் குரூப்பில் கணக்கு அனுப்புவதிலும் இல்லை. பெற்ற பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வீடியோவில் பார்த்தாரே, அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தன்னை நம்பிச் சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஆளாகத் தன்னை மாற்றிவிட்டார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நம் நாட்டில் இது புதுசு இல்லை. கொரோனாவுக்கு எந்தச் சட்டத்தை எடுத்தார்கள்? 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் 1896-ல் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அந்தச் சமயத்தில் புனேயில் சிப்பாய்களை வீடு புகுந்து தேடச் சொன்னார்கள். ஜனம் என்ன செய்தது? நோயாளியை ஒளித்து வைத்தது, பிணத்தையும் ஒளித்து வைத்தது. பிளேக் கமிஷனர் ராண்டை 1897 ஜூன் 22-ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள், அவர் பிழைக்கவில்லை. சுட்டது சரி என்று நான் சொல்லவில்லை. நோயைக் குற்றமாக்கினால் ஜனம் நோயை மறைக்கும் என்பது நூறு வருஷத்துக்கும் முன்னாடியே தெரிந்த பாடம் என்றுதான் சொல்கிறேன். சட்டத்தை மட்டும் தூசு தட்டி எடுத்தோம். பாடத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

"அதெல்லாம் சரி, கிராமத்து ஜனத்துக்குப் பயம் ஜாஸ்தி" என்பீர்கள். 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் கல்லெறிந்தார்கள், ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தார்கள். கடைசியில் அவரோடு வேலை பார்த்த டாக்டர் ராத்திரியில் தன் கையால் மண் தள்ளி மூடினார். இது நடந்தது கோட்டைக்குப்பத்தில் இல்லை. அண்ணா நகர் பக்கத்தில். கல் எறிந்தவர்கள் ஏரியில் வலை போடுகிறவர்கள் இல்லை. பயம் எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் பயத்துக்கு 'பதற்றம்' என்று பேர், எங்கள் பயத்துக்கு 'அறியாமை' என்று பேர்.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

2021 ஜனவரி 16-ஆம் தேதி சுகாதார ஊழியர்களுக்கு ஊசி தொடங்கியது. நர்சம்மா போட்டுக்கொண்டார். ஏப்ரல் 1-ல் இருந்து 45 வயதுக்கு மேல் எல்லாருக்கும். அவர் குப்பத்துக்குள் போனபோது யாரும் நெருங்கவில்லை. ஒரு வருஷமாகப் பேர் எழுதிக்கொண்டு போன அதே கை, இப்போது ஊசியோடு வருகிறது. "இதுல இன்னா எழுதுவாங்களோ" என்று ஒரு கிழவி கேட்டாராம். அந்த நேரம் பார்த்து நடிகர் விவேக். ஏப்ரல் 15 ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி இறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எந்தக் காதில் ஏறும்? நம்பிக்கை இருக்கிற இடத்தில் நர்சம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிக்கை போன இடத்தில் அமைச்சரே வந்து சொன்னாலும் காற்றில் போகும்.

இன்னொன்று. ஊசி மருந்து வருகிற குப்பியை நர்சம்மா 'வயல்' என்றுதான் சொல்கிறார். எனக்கு முதலில் விளங்கவில்லை, எந்த வயல் என்று கேட்டேன். கோவிஷீல்டு ஒரு வயலில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஏழு பேர் வந்தால் திறக்கலாமா, வேண்டாமா? திறந்தால் மூன்று பேர் மருந்து வீண், மேலே இருந்து கேள்வி. திறக்காவிட்டால் வந்த ஏழு பேரும் இனி வர மாட்டார்கள். இந்த இக்கட்டில் ஒருத்தர் கண்ணில் தண்ணீரோடு நின்றது உங்கள் வாட்சப் வீடியோவில் வராது.

முகாம் நேரம் பத்தில் இருந்து ஒரு மணி. ராத்திரி ஏரியில் வலை போட்டு, விடிகாலை கரை சேர்ந்து, ஏலம் முடித்து, வலை அலசிப் போட்டுவிட்டு ஆம்பளைகள் தூங்குகிற நேரம் அது. ஐ.டி. கம்பெனிக்காரனை ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போட வா என்றால் வருவானா? வரவில்லை என்றால் அவன் அறியாமையில் இருக்கிறான் என்று எழுதுவீர்களா?

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. என் அண்ணன் மகனும் கேட்பான். "பேர் எழுதாம, தனிமைப்படுத்தாம, நோயை எப்படித் தடுக்கறது?" உண்மைதான். யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று தேடியே ஆக வேண்டும். குப்பத்து ஆட்களும் யோக்கியம் இல்லை. கூட்டமாகச் சீட்டாடினார்கள், மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். நர்சம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் தேடுவதை எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மும்பை தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் குப்பத்தைவிடப் பத்து மடங்கு. அங்கே 2020 ஏப்ரலில், ஜனம் வழக்கமாகப் போகிற அந்தப் பகுதித் தனியார் டாக்டர்களையே வீடு வீடாக அழைத்துப் போனார்கள். தெரிந்த முகம் வந்ததும் கதவு திறந்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைப் பேர் சொல்லிப் பாராட்டினார். கேரளாவில் ஊரடங்கு தொடங்கின வாரத்திலேயே குடும்பஸ்ரீ பெண்களை வைத்து ஊருக்கு ஊர் சமூகச் சமையலறை திறந்தார்கள். சோறு முதலில், ஸ்டிக்கர் அப்புறம். எங்களுக்கு ஸ்டிக்கர் முதலில் வந்தது. சோற்றை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? கோபப்படாதீர்கள், கேட்கத்தான் வேண்டும். மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை தட்டினீர்கள், தட்டு தட்டினீர்கள். ஏப்ரல் 5 ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கு ஏற்றினீர்கள். மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டரில் இருந்து ஆஸ்பத்திரி மேல் பூப் போட்டார்கள். நர்சம்மா அன்றைக்கு ஏரிக்கரையில் இருந்தார், அவர் தலையில் ஒரு இதழும் விழவில்லை. 'தெய்வம்', 'முன்களப் போராளி' என்று பட்டம் கொடுத்தீர்கள். போராளி என்று பேர் வைத்தால் சாவது அவர் கடமை ஆகிவிடுகிறது. தெய்வம் என்று சொன்னால் அதற்குச் சம்பளமும் லீவும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2015-ல் மருத்துவத் தேர்வு வாரியம் மூலமாக ஆயிரக்கணக்கான நர்சுகளை வேலைக்கு எடுத்தார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் கை தட்டினீர்கள்? டிராபிக் ஜாம் என்றுதானே சொன்னீர்கள்? 2020 டிசம்பரில் மினி கிளினிக் திறந்தார்கள், அதற்கும் தற்காலிக ஆட்கள்தான். நோய் மட்டும் நிரந்தரம், நர்ஸ் தற்காலிகம். என்ன கணக்கு இது?

புது அரசு 2021 மே மாதம் நர்சுகளுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. இறந்துபோன மருத்துவ ஊழியர் குடும்பத்துக்கு 25 லட்சம் என்றும் சொன்னது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் செத்தால் எவ்வளவு என்று தெளிவாகத் தெரிகிற அளவுக்கு, உயிரோடு இருந்து முப்பது வருஷம் வேலை பார்த்தால் என்ன என்று இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

இனி நல்ல சேதி. பெரிசாக ஒன்றும் இல்லை, கொஞ்சம்தான்.

மே மாதம் நர்சம்மாவுக்கே கொரோனா வந்தது. மே 21-ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,000-க்கு மேல் கேஸ் பதிவான சமயம். ஊசி போட்டிருந்ததால் வீட்டோடு போயிற்று. பதினாலு நாள் கதவுக்குள் இருந்தார். அவர் வீட்டு வாசலில் தினமும் யாரோ ஒரு தூக்குச் சட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் மடவை மீன் குழம்பு, ஒரு நாள் நண்டு ரசம். யார் என்று பார்க்க ஜன்னலைத் திறந்தால் ஆள் இருக்காது. ஜன்னல் வழியாக "யாரும் இல்லக்கா" என்ற அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தி என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வேலைக்கு வந்ததும் அவர் முதலில் போனது ஊர்ப் பெரியவர்களிடம். நோட்டு எடுத்துப் போகவில்லை. ஏன் வர மாட்டேன் என்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் ஒரு பெரியவர் விஷயத்தைச் சொன்னார். ஏரியில் நல்ல இறால் படும் இடங்கள் கொஞ்சம்தான். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். 'பாடு' என்று பேர். ஒருத்தன் முறை போனால் அடுத்தது வர நாளாகும். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்கிறார்கள். அந்த இரண்டு நாளில் அவன் பாடு வந்தால்? வருமானம் போயிற்று. ஊரடங்கில் ஏற்கெனவே கடன். அவன் பயந்தது சாவுக்கு மட்டும் இல்லை. கணக்குப் போட்டுத்தான் வராமல் இருந்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்க நமக்கு இரண்டரை மாதம் ஆயிற்று, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

பெரியவரே வழியும் சொன்னார். "பாடு முடிஞ்சவன் மறுநாள் ஊசிக்கு வரட்டும்மா. பத்துப் பத்துப் பேரா நாங்களே பிரிச்சு அனுப்பறோம். உன் மருந்தும் வீணாவாது." நேரத்தையும் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினார்கள். முதல் நாள் சரியாகப் பத்துப் பேர் வந்தார்கள். அதற்கடுத்து இருபது. அதற்கடுத்த வாரம் மருந்து வரவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மத்திய அரசே வாங்கித் தரப்போவதாக 2021 ஜூனில் சொன்னார்கள். கோவளத்தில் ஊசி போட்டால் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு என்று கொடுத்தார்களாம். நல்லதுதான். இங்கே பிரியாணி கேட்கவில்லை. அவர்கள் நாளைக் கணக்கில் எடுத்தது போதுமாக இருந்தது.

நேற்று நர்சம்மாவிடம் கேட்டேன், "இப்ப நம்பிக்கை வந்துடுச்சாம்மா?" என்று. சிரித்தார். "நம்பிக்கைன்னு பெரிசா சொல்லிடாதீங்கண்ணே. போன வாரம் யாரும் கதவைச் சாத்தல. அவ்ளோதான். மூணாவது அலை வருதுங்கறாங்க. திரும்ப நோட்டைக் குடுத்து அனுப்பாம இருந்தா சரி."

2021 ஜூனில் கேஸ் பத்தாயிரத்துக்குக் கீழே வந்தது. ஊரடங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. எல்லாம் மறந்துபோவதற்குள் நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று. நர்சை நர்சாக விடுங்கள். தனிமைப்படுத்துகிற வேலை வருவாய்த் துறைக்கோ வேறு யாருக்கோ போகட்டும். அவரிடம் சொன்னது போலீஸ் நோட்டுக்குப் போகாது என்று எழுதிக் கொடுங்கள்.

இரண்டு. பதினாலு நாள் வீட்டுக்குள் இருக்கச் சொன்னால், பதினாலு நாள் அரிசியும் கூலியும் அன்றைக்கே வாசலுக்கு வரட்டும்.

மூன்று. முகாம் நேரத்தை ஆபீஸ் கடிகாரம் முடிவு செய்ய வேண்டாம். குப்பத்தைக் கேளுங்கள், வயக்காட்டைக் கேளுங்கள்.

நாலு. காலி இடத்தை நிரப்புங்கள். தற்காலிகம், தொகுப்பூதியம் என்று இழுத்தடிக்காதீர்கள். ஒரு நம்பிக்கை வளர பத்து வருஷம் ஆகும். பதினோரு மாதக் காண்டிராக்டில் அது வளராது.

ஐந்து, உங்களுக்கு. அடுத்த முறை குப்பத்து ஆட்கள் ஓடுகிற வீடியோ வந்தால், பார்வர்டு பண்ணும் முன் அவன் எதைப் பார்த்து ஓடுகிறான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

டேய் தம்பி, இதைப் படித்தால் போன் பண்ணு. அன்றைக்குப் பாதியில் வைத்துவிட்டேன் என்று தப்பாக நினைக்காதே. பாட்டிக்கு இரண்டாவது ஊசி அடுத்த மாதம். மருந்து வந்தால் நர்சம்மாதான் போடுவார்.